குதிரையைப் பிரிந்த அக்கிலீஸ்

லண்டன் ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலையில் ஒரு வெண்கல மனிதன் நிற்கிறான். இடக்கையில் கேடயத்தைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறான்; வலக்கையில் குறுவாள். மேலங்கி கையில் தொங்குகிறது. கழற்றி வைத்த மார்புக் கவசம் காலருகே இருக்கிறது. உடம்பில் வேறு துணி இல்லை. இடுப்புக்குக் கீழே ஒரு சிறிய அத்தி இலை மட்டும். சிலையின் உயரம் 18 அடி, எடை 33 டன். கருங்கல் பீடத்தின் மேல் நிற்பதால் கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் முகம் தெரியும்.

பீடத்தில் இப்படிப் பொறித்திருக்கிறார்கள்: வெலிங்டன் கோமகன் ஆர்தருக்கும் அவருடைய வீரம் மிக்க போர்த் தோழர்களுக்கும், சலமான்கா, விட்டோரியா, துலூஸ், வாட்டர்லூ வெற்றிகளில் கைப்பற்றிய பீரங்கிகளால் வார்த்த இந்த அக்கிலீஸ் சிலையை அவர்கள் நாட்டுப் பெண்கள் அர்ப்பணிக்கிறார்கள். நாள், 1822 ஜூன் 18. வாட்டர்லூ போரின் ஏழாம் ஆண்டு நிறைவு நாள். அந்தப் போரில் நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதிதான் வெலிங்டன்.

அந்த எழுத்தை மூடிவிட்டுச் சிலையை மட்டும் பார்த்தால், இவன் டிராய் போரின் கிரேக்க மாவீரன் அக்கிலீஸ் என்று சொல்வதற்கு ஒரு தடயமும் கிடைக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த உடம்பு முதலில் அக்கிலீஸாகச் செதுக்கப்பட்டதே அல்ல.

ரோம் நகரில் குவிரினால் என்றொரு குன்று உண்டு. பல நூற்றாண்டுகளாக அதற்கு மான்டே கவாலோ, அதாவது குதிரைக் குன்று, என்று பெயர். அங்கே இரண்டு பிரம்மாண்டமான பளிங்கு இளைஞர்கள், திமிறி எழும் குதிரைகளின் பக்கத்தில் நிற்கிறார்கள். ரோமப் பேரரசுக் காலத்துச் சிற்பங்கள் அவை. ஒன்று பழங்கிரேக்கச் சிற்பி ஃபீடியஸ் செய்தது, மற்றது இன்னொரு கிரேக்கச் சிற்பி பிராக்ஸிடிலீஸ் செய்தது என்று பிற்காலத்தில் யாரோ பீடத்தில் பொறித்து வைத்தார்கள், இரண்டும் தவறு. ஒரு காலத்தில் அலெக்சாந்தரும் அவனுடைய குதிரையும் என்றுகூட நம்பினார்கள். இப்போது காஸ்டர், போலக்ஸ் என்னும் இரட்டையர் என்று கொள்கிறார்கள். கிரேக்கக் கதைப்படி அவர்கள் ஹெலனின் சகோதரர்கள். எந்த ஹெலனுக்காக டிராய் போர் நடந்ததோ அதே ஹெலன்.

சிற்பி ரிச்சர்ட் வெஸ்ட்மகாட் அந்த இருவரில் ஒருவனின் உடம்பை மாதிரியாக எடுத்துக்கொண்டார். கடிவாளத்தைப் பற்ற உயர்ந்திருந்த கையில் கேடயத்தை மாட்டினார். மறு கையில் வாளைக் கொடுத்தார். குதிரையை எடுத்துவிட்டார். இந்த உடம்பின் முறுக்கு, கால்களின் அகலம், பக்கவாட்டில் திரும்பிய தலை எல்லாம் ஒரு குதிரையை அடக்குவதற்காக அமைந்தவை. குதிரை போன பிறகு அந்த வேகம் எதை எதிர்த்து என்று புரியாமல் காற்றில் நிற்கிறது. சிலையைச் சுற்றி வந்து பார்த்தால் இந்த வெறுமையை உணரலாம். எதிரி இருக்க வேண்டிய இடத்தில் லண்டன் வானம்தான் இருக்கிறது.

முகம் இன்னொரு கதை. உடம்பு ரோமச் சிற்பத்திலிருந்து வந்தது, தலையை மட்டும் வெலிங்டனின் சாயலில் அமைத்தார்கள் என்று பூங்காவை நிர்வகிக்கும் ராயல் பார்க்ஸ் அமைப்பு சொல்கிறது. ஆக, உடம்பு ஹெலனின் சகோதரனுடையது. தலை டப்ளினில் பிறந்த ஓர் ஆங்கிலோ-ஐரிஷ் தளபதியுடையது. பெயர் கிரேக்க வீரனுடையது. உலோகம் பிரெஞ்சுப் பீரங்கிகளுடையது.

இந்த உலோகத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அக்காலத்துக் களப் பீரங்கிகள் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலத்தால் ஆனவை. சிலைக்கும் அதே கலவைதான் அடிப்படை. எதிரியின் பீரங்கியை உருக்கி வெற்றிச் சின்னம் செய்வது அன்றைய ஐரோப்பாவில் புதிதுமல்ல. நெப்போலியனே பாரிஸின் வாந்தோம் சதுக்கத்துத் தூணுக்கு ஆஸ்டர்லிட்ஸ் போரில் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தைப் போர்த்தினார். 1810இல் அது முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டன் அதே வழியில் பதில் சொன்னது.

பீடத்தில் உள்ள நான்கு பெயர்களில் என் கண் எப்போதும் துலூஸில்தான் நிற்கும். அந்தப் போர் நடந்தது 1814 ஏப்ரல் 10. அதற்கு நான்கு நாட்கள் முன்பே நெப்போலியன் பதவி துறக்க ஒப்புக்கொண்டுவிட்டார். செய்தி தெற்கு பிரான்ஸுக்கு வந்து சேர 12ஆம் தேதி ஆகிவிட்டது. அதற்குள் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டும் காயம்பட்டும் கிடந்தார்கள். முடிந்துபோன போருக்காக அவர்கள் செத்தார்கள். அந்தக் களத்துப் பீரங்கியும் இந்த மனிதனின் தோளிலோ தொடையிலோ கலந்திருக்கிறது. பீடத்தின் எழுத்தோ அதை வெற்றி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது.

பணம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துப் பெண்கள் சந்தா வசூலித்துச் சுமார் 10,000 பவுண்டு திரட்டினார்கள். பெரும்பாலும் பிரபுக் குடும்பத்துச் சீமாட்டிகள். முன்னின்றவர் ஸ்பென்சர் பிரபுவின் மனைவி லவினியா. வாக்குரிமையோ பதவியோ இல்லாத பெண்கள் தலைநகரின் பெரிய பொதுச் சின்னம் ஒன்றுக்குப் புரவலர்களாக நின்றது சாதாரணச் செய்தியல்ல. ஆனால் சிலை திறந்த பிறகு அவர்களுக்கு நன்றியா கிடைத்தது? ஏளனம் கிடைத்தது. காரணம், சிலையின் நிர்வாணம்.

லண்டனில் பொது இடத்தில் நிறுத்தப்பட்ட முதல் நிர்வாணச் சிலை இதுதான் என்று குறிப்பிடுவார்கள். அதுவும் பெண்களின் பணத்தில், 18 அடியில். ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் உள்ளிட்ட கேலிச்சித்திரக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிலையைச் சூழ்ந்து நின்று சீமாட்டிகள் ஒவ்வோர் அங்கமாக விமர்சிப்பது போல் படங்கள் வந்தன. அத்தி இலை எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விதமான கதைகள் உண்டு. சந்தா கொடுத்த பெண்களிடமே வாக்கெடுப்பு நடந்ததாகவும் இலைக்குப் பெரும்பான்மை கிடைத்ததாகவும் அந்நாளைய ஹாலந்து சீமாட்டி கடிதத்தில் எழுதினார். எதிர்த்து வாக்களித்த சிறுபான்மையினரின் பெயர்கள் வெளிவரவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இலை வேண்டும் என்று வற்புறுத்தியவர்கள் சிலைக் குழுவிலிருந்த ஆண்கள்தான் என்பது மற்றொரு தகவல். எது உண்மையானாலும், சிரிப்புக்கு அதிகம் இலக்கானவர்கள் பெண்களே. வெஸ்ட்மகாட்டின் தேர்வை யாரும் அந்த அளவு கிண்டல் செய்யவில்லை. ஒரு சிலையை எழுப்பிய பெண்களின் முயற்சியை அந்தச் சிலையின் ஓர் அங்கமாகச் சுருக்கிவிட்ட அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இலை பின்னாளில் இருமுறை உடைக்கப்பட்டது: 1870இலும் 1961இலும். இரண்டு முறையும் திரும்பப் பொருத்தினார்கள்.

சிலையைப் பூங்காவுக்குள் கொண்டுவருவதும் எளிதாக இருக்கவில்லை. வாயில் போதவில்லை. மதிலை இடித்து வழி செய்ய வேண்டியதாயிற்று. டிராய் நகர மக்கள் மரக்குதிரையை உள்ளே இழுக்கத் தங்கள் மதிலைத் தாங்களே உடைத்தார்கள் என்று லத்தீன் கவி வெர்ஜில் பாடிய காட்சி இதைப் படிக்கும் எவருக்கும் நினைவுக்கு வராமல் போகாது.

சரி, ஏன் அக்கிலீஸ்? அன்றைய இங்கிலாந்தின் மேட்டுக்குடி ஆண்கள் பள்ளியில் டிராய் போரைப் பாடிய கிரேக்கக் கவி ஹோமரைப் படித்து வளர்ந்தவர்கள். வீரம் என்றால் அவர்களுக்கு உடனே நாவில் வரும் பெயர் அதுதான். அந்த ஆண்டுகளில் அக்கிலீஸ் மோகம் உச்சத்தில் இருந்தது. ஹோமர் விவரிக்கும் அக்கிலீஸின் கேடயத்தை ஜான் ஃபிளாக்ஸ்மன் வடிவமைக்க, 1821இல் நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விருந்தில் தங்க முலாம் பூசிய அந்தக் கேடயத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். அடுத்த ஆண்டே லண்டன் வணிகர்களும் வங்கியாளர்களும் வெலிங்டனுக்குத் தனியாக ஒரு வெற்றிக் கேடயம் பரிசளித்தார்கள். தாமஸ் ஸ்டோதர்டின் வடிவமைப்பு அது. இன்றும் ஆப்ஸ்லி ஹவுஸில் இருக்கிறது.

ஆப்ஸ்லி ஹவுஸ் என்பது வெலிங்டனின் லண்டன் வீடு. சிலைக்குப் பக்கத்திலேயே, பூங்காவின் ஓரத்தில் நிற்கிறது. அதன் மாடிப்படியின் கீழே இன்னொரு நிர்வாண மாவீரன் நிற்கிறான்: அந்தோனியோ கனோவா செதுக்கிய நெப்போலியன். ரோமப் போர்த்தெய்வம் மார்ஸின் கோலம், 11 அடிக்கு மேல் உயரம், அவனுக்கும் ஓர் அத்தி இலை. 1811இல் அது பாரிஸுக்கு வந்தபோது நெப்போலியனுக்குப் பிடிக்கவில்லை. மக்கள் பார்வைக்கு வைக்க விடவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரிட்டிஷ் அரசு 1816இல் அதை விலைக்கு வாங்கி வெலிங்டனுக்குக் கொடுத்தது. தோற்றவன் வீட்டுக்குள்ளே ரோமக் கடவுளாகவும் வென்றவன் வெளியே கிரேக்க வீரனாகவும் சில நூறு அடி தூரத்தில் நிற்கிறார்கள். இருவரில் ஒருவர்கூட அப்படிப் போர் செய்ததில்லை. இருவரும் குதிரை மேல் அமர்ந்து, வரைபடத்தையும் தொலைநோக்கியையும் வைத்துக்கொண்டு, மற்றவர்களின் உடம்பால் போரிட்டவர்கள்.

வெலிங்டனுக்கு அக்கிலீஸின் பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதை ஹோமரின் இலியட்டைத் திறந்தாலே காணலாம். அந்தக் காவியத்தின் முதல் சொல்லே சினம். அரசன் அகமெம்னான் தன் பங்கான பிரிசெய்ஸ் என்ற பெண்ணைப் பறித்துக்கொண்டான் என்று அக்கிலீஸ் போரிலிருந்து விலகிக் கூடாரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். தன் பக்கத்து வீரர்கள் செத்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். உயிர் நண்பன் பட்ரோக்ளஸ் அக்கிலீஸின் கவசத்தை அணிந்து போய் டிராய் இளவரசன் ஹெக்டரின் கையில் மாண்ட பிறகுதான் எழுகிறான். எழுந்து ஹெக்டரைக் கொல்கிறான்; கணுக்காலைத் துளைத்துத் தேரில் கட்டி உடலைப் புழுதியில் இழுக்கிறான். நெடுநாள் வாழ்ந்து மறக்கப்படுவதா, இளமையில் இறந்து புகழ் பெறுவதா என்ற இரண்டு விதிகளில் இரண்டாவதைத் தேர்ந்தவன் அவன். பின்னால் ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில் பாதாள உலகில் அவனுடைய நிழலைச் சந்திக்கிறோம். இறந்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலமற்ற ஏழை ஒருவனிடம் கூலிக்கு உழைத்தாவது உயிரோடு இருப்பேன் என்கிறான். புகழைத் தேர்ந்தவனே சொன்ன சொல் இது. அவனுடைய புகழுக்கு 33 டன் வெண்கலம் வார்த்தவர்கள் அந்தப் பக்கத்தையும் படித்தவர்கள்தான்.

வெலிங்டனோ கோபித்துக்கொண்டு கூடாரத்தில் உட்காரும் ஆள் அல்ல. கணக்குப் பார்க்கும் தளபதி. 1852 வரை, 83 வயது வரை வாழ்ந்தவர். அந்தக் கணக்கைக் கற்ற இடம் நம் பக்கம்தான். 1797இல் இந்தியாவுக்கு வந்து 1805 வரை இருந்தார். அவருடைய குடும்பப் பெயர் வெல்லெஸ்லி; சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் நினைவைச் சொல்லும் வெல்லெஸ்லி ஹவுஸ் என்ற கட்டடம் உண்டு. 1980இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மைசூர்ப் பகுதியிலும் தக்காணத்திலும் படை நடத்தியபோது அவர் அதிகம் கவலைப்பட்டது வாளைப் பற்றியல்ல, அரிசியையும் வண்டி இழுக்கும் காளைகளையும் பற்றி. சோறு போய்ச் சேராத படை வெல்லாது என்பதை அங்கே தெரிந்துகொண்டார். பிறகு ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் அவரை வெல்ல வைத்தது இந்தப் பாடம்தான் என்பார்கள். காளைமாட்டுக் கணக்கை எந்தச் சிற்பி செதுக்குவான்? பீடத்தின் எழுத்தில் ஸ்ரீரங்கப்பட்டணமும் இல்லை, 1803இல் மராட்டியருக்கு எதிராக நடந்த அசாயே போரும் இல்லை. பிரெஞ்சுப் பீரங்கிதான் உலோகம் என்பதால் பட்டியலில் ஐரோப்பா மட்டுமே இருக்கிறது.

இந்திய ஆண்டுகளில் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் தூந்தியா வாக் என்பவர் ஒரு படையைத் திரட்டிக் கம்பெனியாரை எதிர்த்தார். 1800 செப்டம்பரில் வெல்லெஸ்லியின் குதிரைப்படை அவரைக் கொன்றது. எதிரி முகாமில் தூந்தியாவின் சிறு மகன் சலாபத் கான் கிடைத்தான். நான்கு வயது இருக்கும். வெல்லெஸ்லி அவனைத் தன் கூடாரத்துக்கு அழைத்துச் சென்று வளர்க்க ஏற்பாடு செய்தார். இந்தியாவை விட்டுப் போகும்போது அவன் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். அந்தப் பையன் வளர்ந்து மைசூர் அரசரிடம் வேலைக்குச் சேர்ந்தான். 1822இல் காலராவில் இறந்தான். ஹைட் பார்க்கில் சிலை நின்ற அதே ஆண்டு. தந்தையைக் கொன்ற படையின் தலைவனே மகனுக்குச் சோறிட்டது மன்னிப்பா, குற்ற உணர்வா, எளிய இரக்கமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் வெலிங்டனின் வாழ்க்கையில் ஹோமருக்கு அருகே வரும் இரண்டு தருணங்களில் இது ஒன்று.

மற்றது வாட்டர்லூ முடிந்த இரவு. சோர்ந்து படுத்திருந்த அவரை விடிவதற்கு முன் மருத்துவர் ஹியூம் எழுப்பி, மாண்டவர்கள், காயம்பட்டவர்களின் பட்டியலைப் படித்தார். படிக்கப் படிக்கக் கோமகனின் புழுதி படிந்த கன்னத்தில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியதாக அந்த மருத்துவரே பதிவு செய்திருக்கிறார். தோற்ற போருக்கு அடுத்தபடியாக, வென்ற போரைப் போலத் துயரமானது வேறில்லை என்று அந்த நாட்களில் வெலிங்டன் கடிதத்தில் எழுதினார்.

அவரை அக்கிலீஸ் என்று அழைக்க உண்மையான காரணம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கண்ணீர்தான். இலியட்டின் கடைசிக் காண்டத்தை நினைத்துப் பாருங்கள். ஹெக்டரின் தந்தை, டிராயின் கிழ அரசன் பிரையாம், இரவில் எதிரி முகாமுக்குள் வருகிறான். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிடுகிறான். உன் தந்தையை நினைத்துப் பார், அவரும் என் வயதுக்காரர், என்று கேட்கிறான். அக்கிலீஸ் அழுகிறான். கிழவன் மகனுக்காக, இளைஞன் தந்தைக்காகவும் நண்பனுக்காகவும், ஒரே கூடாரத்தில் இருவரும் அழுகிறார்கள். பிறகு சேர்ந்து உண்கிறார்கள். ஹெக்டரின் உடலைக் கழுவித் துணி சுற்றி ஒப்படைக்கிறான் அக்கிலீஸ். ஈமச் சடங்கு முடியும் வரை பதினொரு நாட்கள் போரை நிறுத்துவதாக வாக்கும் கொடுக்கிறான். சினத்தில் தொடங்கிய காவியம் இங்கே வந்து சேர்வதற்காகத்தான் இத்தனை ஆயிரம் அடிகள் நடந்தது என்று எனக்குத் தோன்றும். வெஸ்ட்மகாட் தன் வீரனுக்கு எல்லாம் கொடுத்தார், அழும் முகத்தைத் தவிர.

வெலிங்டனின் பிந்தைய ஆண்டுகள் கனிவாக இல்லை. 1828இல் பிரதமரானார். நாடாளுமன்றச் சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1831 ஏப்ரலில், அவருடைய மனைவியின் உடல் ஆப்ஸ்லி ஹவுஸில் அடக்கத்துக்குக் காத்திருந்தபோதே, சீர்திருத்தம் கோரிய கூட்டம் அதன் ஜன்னல்களைக் கல்லால் உடைத்தது. உடைந்த ஜன்னல்களுக்குப் பின்னால் அவர் இரும்புக் கதவுகள் போட்டார். அந்தக் கூட்டத்தின் கல்லுக்கு எட்டும் தூரத்தில்தான் இந்த வெண்கல வீரன் கேடயத்தை உயர்த்தியபடி நின்றான்.

இன்னொரு சிறு சேதி. ரோமிலேயே விட்டுவிட்டு வந்த அந்தக் குதிரையை ஹோமரும் தன் பாட்டில் வைத்திருக்கிறார். இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் ஹெலன் டிராயின் மதில் மேல் நின்று கிரேக்கப் படையில் தன் சகோதரர்களைத் தேடுகிறாள். காஸ்டருக்கு அங்கே ஓர் அடைமொழி வருகிறது: குதிரைகளைப் பழக்குபவன். அவள் தேடியவர்கள் ஏற்கெனவே தாய்மண்ணில் புதைந்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரியாது. அதே அடைமொழி வேறு சிலருக்கும் காவியத்தில் உண்டு. அக்கிலீஸுக்கு அது உரியதல்ல. இருபத்து நான்கு காண்டங்களும் முடிந்து, சிதை அவிந்து, எலும்புகளைப் பொற்பேழையில் வைத்து, மண்மேடு எழுப்பிய பிறகு வரும் கடைசி அடியில் கடைசிச் சொல்லாக ஹோமர் அதை ஹெக்டருக்குக் கொடுக்கிறார்: குதிரைகளைப் பழக்கிய ஹெக்டரின் ஈமக்கடனை இவ்வாறு செய்து முடித்தார்கள்.